வீட்டில் எப்படிக் கேட்பது? சேலத்துப் பிள்ளைகள் முன்னால் நாலு வழிகள்

பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்திலும், கல்லூரியை முடித்த பிள்ளை பெட்டி படுக்கையோடு வீடு வந்து சேரும் ஜூனிலும் சேலத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். அப்பா ஒன்று நினைத்திருப்பார், பிள்ளை வேறொன்று நினைத்திருக்கும். அது படம் வரைவதாக இருக்கலாம், ஓட்டப் பந்தயமாக இருக்கலாம், பெங்களூரு வேலையை விட்டுவிட்டு ஏற்காட்டுத் தோட்டத்துக்கே திரும்புவதாகவும் இருக்கலாம். "அதெல்லாம் சோறு போடாது" என்று யாராவது சொன்னதும் பேச்சு நின்றுவிடும். அப்படி நின்ற பிறகு அந்தப் பிள்ளைக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது யாருக்குப் பொருந்தும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பார்த்த வரையில் வழிகள் நாலு. வீடு சொன்னதைச் செய்துகொண்டு ஆசையை ஓரமாக வைத்திருப்பது ஒன்று. எல்லாவற்றையும் விட்டுக் கிளம்பிவிடுவது இன்னொன்று. வீட்டில் உட்கார்ந்து பேசி, இந்தத் தேதி வரை என்று அவகாசம் வாங்குவது மூன்றாவது. குடும்பத் தொழிலுக்குள்ளேயே தன் வழியைப் போட்டுக்கொள்வது நாலாவது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். நாலாவதுக்கு நம் ஊரில் உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பதும் என் எண்ணம்.

தைரியம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு இரண்டாவது வழிதான் நினைவுக்கு வருகிறது. பையைத் தூக்கிக்கொண்டு புது பஸ் ஸ்டாண்டில் பெங்களூரு வண்டி ஏறுவது. அதற்கும் தைரியம் வேண்டும்தான். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்து, எனக்கு இது வேண்டும், இவ்வளவு செலவாகும், இத்தனை மாதம் ஆகும் என்று குரல் நடுங்கினாலும் சொல்லி முடிப்பதற்கு அதைவிடப் பெரிய தைரியம் வேண்டும். வண்டி ஏறுகிறவனை யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. எதிரே உட்கார்ந்து பேசுகிறவன் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

முதல் வழியை எடுத்துக்கொள்வோம். "முதல்ல ஒரு டிகிரி கையில இருக்கட்டும், அப்புறம் உன் இஷ்டம்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இது நன்றாக நடந்த வாழ்க்கையும் நம் மாவட்டத்திலேயே உண்டு. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு காய்கறி விற்ற ஒரு தாயின் பிள்ளை. ஐந்து வயதில் பஸ் விபத்தில் வலது கால் நசுங்கியது. சேலத்தில் பி.பி.ஏ. படித்தார், உயரம் தாண்டுதலையும் விடவில்லை. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். படிப்பும் பயிற்சியும் சேர்ந்தே போன வாழ்க்கை அது. ஆசைக்கு ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரமாவது கொடுக்க முடியுமானால் முதல் வழியில் ஒரு குறையும் இல்லை.

சிக்கல் "அப்புறம்" என்ற சொல்லில் இருக்கிறது. அதற்குத் தேதி கிடையாது. டிகிரி முடிந்ததும் "ஒரு வேலை கிடைக்கட்டும்" என்பார்கள். வேலை கிடைத்ததும் "வீட்டு லோன் முடியட்டும்", அது முடிந்ததும் "தங்கச்சி கல்யாணம் ஆகட்டும்". ஒவ்வொன்றும் உண்மையான தேவைதான், யாரும் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை. ஆனால் முப்பத்தைந்து வயதில் திரும்பிப் பார்க்கும்போது, வேண்டாம் என்று தடுத்தவர் ஒருவரும் இருக்கமாட்டார், வருடங்கள் மட்டும் போயிருக்கும். பாதுகாப்பானது என்று நாம் நினைக்கிற இந்த வழியில்தான் அதிகம் பேரின் ஆசைகள் சத்தமில்லாமல் முடிந்துபோகின்றன.

அரசு வேலைத் தேர்வைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். "கால் காசுன்னாலும் கவர்மென்ட் காசு" என்று சொல்லி வளர்த்த தலைமுறை நம்முடையது. அரசுப் பணிதான் தன் ஆசை என்று ஒரு பிள்ளை மனதாரச் சொன்னால் அதுவும் சொந்த வழிதான், அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆசை வேறு எங்கோ இருக்க, வீட்டில் சண்டை வேண்டாம் என்பதற்காக மட்டும் கோச்சிங் சென்டரில் உட்கார்ந்திருந்தால் கணக்கைப் பார்த்துவிடுங்கள். 2024-இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கான முதல் அறிவிப்பில் 6,244 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இடங்களைப் பிறகு கூட்டினார்கள், அப்படியும் போட்டி அந்த அளவுக்கு இருந்தது. பட்டம் பெற்றவர்களும் பத்தாம் வகுப்புத் தகுதிக்கான அந்தத் தேர்வையே எழுதுகிறார்கள். முழு மனதோடு படிக்கிறவர்களுக்கே இவ்வளவு கடினம் என்றால், அரை மனதோடு நாலு வருடம் படிப்பதால் யாருக்கு என்ன லாபம்? அந்த நாலு வருடத்தையும் பிள்ளைதான் செலவழிக்கிறது.

இரண்டாவது வழி, கிளம்பிப் போவது. இதை நான் அடியோடு மறுக்கவில்லை. வீட்டில் அடி விழுகிறது, கட்டாயக் கல்யாணம் பேசுகிறார்கள், சான்றிதழ்களைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்றால் பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லை, பாதுகாப்பான இடத்துக்குப் போவதுதான் முதல் வேலை. மற்றபடி இதில் இருக்கும் ஆபத்து பணம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கோபத்தில் கிளம்பியவனுக்குத் தோல்வியை ஒப்புக்கொள்ள முடியாது. இந்தத் துறை நமக்கு ஒத்துவரவில்லை என்று ஆறு மாதத்தில் தெரிந்துவிட்டாலும், எந்த முகத்தோடு திரும்புவது என்று மூன்று வருடம் அங்கேயே கிடப்பான். திரும்பி வரும் வாசல் திறந்திருந்தால்தான் துணிந்து முயற்சி செய்ய முடியும்.

சின்னப்பம்பட்டி நடராஜன் கதையைப் பிள்ளைகள் அடிக்கடி எடுத்துச் சொல்கிறார்கள். டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவர், 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடிக்குப் போனார். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் என மூன்றிலும் இந்தியாவுக்காக முதன்முறையாக ஆடினார். துணிச்சல்தான், மறுக்க முடியாது. அந்தக் கதையின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அவருடைய திறமையை முதலில் கண்டுகொண்டு, பின்னால் நின்று, சென்னை வரை அனுப்பிவைத்த ஒரு மூத்தவர் ஊரில் இருந்தார். தன் சட்டையில் அவருடைய பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்துத்தான் நடராஜன் போட்டுக்கொண்டார். தனியாளாக ஓடிப்போய் ஜெயித்த கதை அல்ல அது. ஒரு பிள்ளைக்காக ஊரில் ஒருவர் ஜாமீன் நின்ற கதை. சம்பாதித்த பிறகு நடராஜனும் சின்னப்பம்பட்டியிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டிக்கொடுத்தார்.

அதனால்தான் மூன்றாவது வழியில் முதல் வேலையாக நான் சொல்வது, உங்கள் பக்கம் பேச ஒரு பெரியவரைத் தேடுங்கள் என்பதை. மாமாவாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், பி.டி. வாத்தியாராக இருக்கலாம், அப்பா மதிக்கிற பக்கத்துப் பட்டறைக்காரராகவும் இருக்கலாம். அவர் உங்களைப் புகழ வேண்டியதில்லை. "பையன் பொறுப்பானவன், ஒரு வருஷம் பார்ப்போம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பாவின் பயத்தில் பாதி, தோற்றால் சொந்தபந்தம் என்ன பேசும் என்பதுதான். சொந்தத்திலேயே ஒருவர் கூட நிற்கும்போது அந்தப் பாதி இறங்கிவிடுகிறது.

அடுத்தது ஒரு தாள். அதில் நாலு விஷயம் இருந்தால் போதும். எந்தத் தேதி வரை, வீட்டிலிருந்து மாதம் எவ்வளவு வேண்டும், முன்னேறுகிறோம் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது, ஆகவில்லை என்றால் அடுத்து என்ன செய்வேன். கடைசி விஷயத்தை எழுதத்தான் கை வராது. ஆனால் வீட்டார் கேட்க நினைப்பது அதைத்தான். "அடுத்த ஆடிப் பண்டிகை வரைக்கும் டைம் குடுங்கப்பா. மாசம் மூவாயிரம் போதும், மீதியை டியூஷன் எடுத்து நானே பார்த்துக்கறேன். அதுக்குள்ள மூணு பேரு காசு குடுத்து என்கிட்ட டிசைன் வாங்கலைன்னா நீங்க சொல்ற வேலைக்குப் போறேன்." இப்படிப் பேசுகிற பிள்ளையிடம் "அதெல்லாம் சோறு போடாது" என்று சொல்லி எழுந்துபோவது எந்த அப்பாவுக்கும் சுலபமில்லை.

தேதி குறிப்பதில்தான் பல பேர் சறுக்குகிறார்கள். எல்லாத் தொழிலுக்கும் "ஒரு வருஷம்" என்று கேட்கிறார்கள். வீடியோ எடிட்டிங், டிசைன், சின்னதாக ஒரு உணவுக் கடை போன்றவற்றில் எட்டு மாதத்தில் ஓரளவு தெரிந்துவிடும். குரூப் 2 மாதிரித் தேர்வுகளில் அறிவிப்பு, முதல்நிலை, முதன்மை என்று ஒரு சுற்றே ஒரு வருடத்தைத் தாண்டலாம், அதனால் மாதக் கணக்கை விட எத்தனை முறை எழுதுவேன் என்று சொல்வதே சரி. சிவில் சர்வீஸ் தேர்வில் சட்டமே எண்ணிக்கை வைத்திருக்கிறது. பொதுப் பிரிவினர் 32 வயதுக்குள் 6 முறை, ஓ.பி.சி. பிரிவினர் 35 வயதுக்குள் 9 முறை எழுதலாம். விளையாட்டில் நிலைமை தலைகீழ். உடம்பு காத்திருக்காது, பதினெட்டு வயதில் கேட்க வேண்டியதை இருபத்தைந்தில் கேட்டுப் பயனில்லை. எழுத்துக்கும் வியாபாரத்துக்கும் அப்படி வயதுச் சுவர் எதுவும் இல்லை. உங்கள் ஆசை எந்த வகை என்று பார்த்துத் தேதி கேளுங்கள். சுவர் உள்ளவர்கள் இப்போதே கேட்க வேண்டும், இல்லாதவர்கள் கொஞ்சம் சேமித்துவிட்டுக் கேட்டாலும் நஷ்டமில்லை.

படிப்புக் கடன் வாங்குவதாக இருந்தால் கையெழுத்துக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். கடனில் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள். படிப்பு முடிந்து பொதுவாக ஒரு வருடத்தில் தவணை தொடங்கிவிடும். விருப்பமில்லாத படிப்புக்கு அப்பாவைக் கையெழுத்துப் போடவைத்துவிட்டு, மூன்றாம் வருடத்தில் எனக்கு இது வேண்டாம் என்று சொல்வது இரண்டு பேருக்கும் கஷ்டம். முன்னாலேயே சொல்லியிருந்தால் செலவு குறைந்த வேறு கதவுகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். துணியும் வடிவமும் பிடிக்கும் பிள்ளைகளுக்கு 1960-இல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் சேலத்திலேயே இருக்கிறது. பக்கத்துத் தெருவில் இருக்கிறவர்களே அதைக் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு வருத்தம்.

நாலாவது வழிக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீடுகளில் ஒரு வாக்கியம் கேட்டுக்கொண்டே இருக்கும். "பட்டறையில உக்காந்து எங்க முதுகு போச்சு, நீயாவது ஏ.சி.யில உக்காரு." அன்பிலிருந்து வருகிற வாக்கியம். கம்பி இழுத்து, வளையம் கோத்து, பொடி வைத்து ஊதி, மெருகு போட்டு ஒரு ஜோடி கொலுசு கைக்கு வருவதற்குள் கண்ணும் மூச்சும் படும் பாடு அவர்களுக்குத்தான் தெரியும். பல பட்டறைகளில் வெள்ளி வியாபாரியுடையது, பட்டறைக்காரருக்குக் கூலி மட்டுமே. அதனால் பிள்ளை "நான் பட்டறைக்கே வர்றேன்" என்று சொன்னால் தோற்றுவிட்டதாக நினைக்கிறார்கள்.

ஆனால் அப்பா செய்த வேலையையே செய்ய அந்தப் பிள்ளை வருவதில்லை. கணினியில் வடிவம் வரையத் தெரிந்திருக்கிறது. படம் எடுத்துப் போட்டு, வாங்குகிறவரிடம் நேராக விற்கத் தெரிந்திருக்கிறது. வெள்ளிக்கும் 2025 செப்டம்பர் முதல் தனி அடையாள எண்ணோடு ஹால்மார்க் முத்திரை போட்டுக்கொள்ள முடிகிறது. முகம் தெரியாத ஊரிலிருந்து வாங்குகிறவருக்கு அது பெரிய நம்பிக்கை. இளம்பிள்ளையில் சேலையை வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் காட்டி விற்கிறார்கள், கொலுசையும் அப்படி விற்கலாம். கூலிக்குச் செய்கிற வீட்டைச் சொந்தச் சரக்கு விற்கிற வீடாக மாற்றுவதற்கு ஐ.டி. கம்பெனிக்குப் போவதை விடக் கூடுதல் துணிச்சல் வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

இதன் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. சொந்தச் சரக்கு என்றால் வெள்ளியின் விலை உங்கள் தலைமேல். 2025 என்ற ஒரே வருடத்தில் வெள்ளி விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. ஏறுகிற விலை இறங்கவும் செய்யும். அதனால் பட்டறை முழுவதையும் மாற்றுகிறேன் என்று தொடங்காமல், பழைய கூலி வேலை ஓடிக்கொண்டிருக்க, ஒரே ஒரு இருக்கை, இரண்டே டிசைன், ஒரு கிலோவுக்குள் வெள்ளி என்று கேளுங்கள். ஆறு மாதத்தில் விற்பனைக் கணக்கே அப்பாவிடம் பேசும். பணம் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள். வேலையில்லாத இளைஞர்கள் தொழில் தொடங்க அரசு நடத்தும், எட்டாம் வகுப்பு படித்திருந்தாலே விண்ணப்பிக்கக்கூடிய யு.ஒய்.இ.ஜி.பி. திட்டத்தில் 25 சதவீதம் மானியம் உண்டு. பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு நீட்ஸ் என்ற இன்னொரு அரசுத் திட்டம் இருக்கிறது.

ஏற்காட்டில் கதை வேறு மாதிரி. பெங்களூருவில் கணினி முன்னால் ஐந்து வருடம் இருந்துவிட்டு, நம் தோட்டத்துக் காபியை நாமே வறுத்து விற்கலாம் என்று மலை ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். "இதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்?" என்பதுதான் அவர்கள் காதில் முதலில் விழும் வார்த்தை. இங்கே தேதிக் கணக்கு முக்கியம். மார்ச், ஏப்ரல் மழைக்குப் பூத்தால் நவம்பருக்கு மேல்தான் பழம் பறிக்க முடியும். வருடத்துக்கு ஒரே அறுவடை. பழுத்ததை மட்டும் பறித்தால் என்ன ஆகிறது, களத்தில் காய வைப்பதை மாற்றினால் சுவை எப்படி வருகிறது என்று வருடத்துக்கு ஒரு தடவைதான் சோதிக்க முடியும். "ரெண்டு வருஷம் டைம்" என்று கேட்டால் கையில் இருப்பது இரண்டே முயற்சி. புதுச் செடி வைத்தால் காய்க்கவே மூன்று, நான்கு வருடம். அதனால் ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, வேலையை விடாமல் முதல் அறுவடைக்கு லீவு போட்டு வாருங்கள், ஒரு ஏக்கர் பழத்தை மட்டும் தனியாக எடுத்துச் செய்யுங்கள், வேலையை விடுவதை இரண்டாவது அறுவடைக்குப் பிறகு முடிவு செய்யுங்கள். சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகு இந்தக் காலத்தில் செலவுக்குக் கை கொடுக்கும்.

வசதி உள்ள வீடு என்றால் இதெல்லாம் சுலபம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்து போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம், 1930களில் ஏற்காடு அடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டூடியோவைத் தொடங்கினார். சினிமாவை மரியாதையான தொழிலாகப் பலரும் நினைக்காத காலம். பெரிய துணிவுதான். ஆனால் விழுந்தால் தாங்கிக்கொள்ளக் குடும்பத்தில் பணம் இருந்தது. தினக்கூலி வீட்டுப் பிள்ளை அவரோடு தன்னை ஒப்பிட்டு நமக்குத் துணிச்சல் போதவில்லை என்று நினைத்தால் அது நியாயமே இல்லை. அந்தப் பிள்ளை மாதம் ஐந்நூறு ரூபாய் சேர்த்து ஒரு தையல் மெஷின் வாங்கியிருந்தால் அது அதே அளவு துணிவு. சேர்வராயன் மலைக் கிராமங்களில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு இறங்கி வருகிற பிள்ளைகளுக்கோ வீட்டில் தடை சொல்ல ஆள் இல்லை, வழி சொல்லவும் ஆள் இல்லை. அவர்களுக்கு முதலில் வேண்டியது வழிகாட்ட ஒரு பெரியவர். அவகாசமெல்லாம் அப்புறம்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த நாலு வழிகளின் விலையே வேறு. "கல்யாணம் பண்ணிட்டு அங்க போய்ப் படிச்சுக்கோ" என்பது முதல் வழியின் பெண் பதிப்பு. எந்த "அப்புறம்" என்பதையும் விட இதில் தேதி குறைவு, உறுதி சொன்னவர் கையில் அதிகாரமும் கிடையாது. கிளம்பிப் போவதென்றால், திரும்பி வரும் வாசல் ஆண் பிள்ளைக்குத் திறப்பது போல அவளுக்குத் திறப்பதில்லை. ஆகவே தங்கைகளுக்கு மூன்றாவது வழிதான், அதுவும் சீக்கிரமாக. ஜாதகம் வெளியே போன பிறகு கேட்டால் அவள் பேச்சு மறுப்பாகத் தெரியும், முன்னால் கேட்டால் திட்டமாகத் தெரியும். இரண்டாம் ஆண்டிலேயே பேசிவிடுங்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவரவர் கணக்கிலேயே வருகிறது. தன் பெயரில் வரும் அந்தப் பணத்தில் கொஞ்சமாவது எடுத்து வையுங்கள், பேசும்போது குரலுக்குப் பலம் அதிலிருந்து வரும். வேலைக்கு வெளியூர் போவதாக இருந்தால் அரசின் தோழி விடுதிகள் போலத் தங்கும் இடத்தை முதலிலேயே விசாரித்து, முகவரியோடு போய்ப் பேசுங்கள். அம்மாவின் முதல் கேள்வி "எங்க தங்குவ?" என்பதாகத்தான் இருக்கும். பதினெட்டு முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைப்பது குற்றம், பேச்சு எடுத்ததுமே 1098-க்குச் சொல்லலாம். வீட்டில் அடி, மிரட்டல் என்றால் 181.

கேட்டும் வீட்டில் முடியவே முடியாது என்றால்? ஒரு முறை சொன்ன "முடியாது" கடைசி வார்த்தை ஆகிவிடாது. மூன்று மாதம் கழித்து, கையில் ஏதாவது ஒரு சின்ன வேலையைச் செய்து முடித்துக் காட்டிவிட்டு, அதே பெரியவரோடு மறுபடி உட்காருங்கள். முதல் தடவை கேட்ட அவகாசத்தைக் குறைத்துக் கேளுங்கள். இரண்டு வருடத்துக்குச் சம்மதிக்காத அப்பா ஆறு மாதத்துக்குச் சம்மதிப்பார்.

தேதி வந்துவிட்டது, நினைத்தது நடக்கவில்லை என்றால், சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுங்கள். தாளில் எழுதியபடி அடுத்த வேலையைத் தேடத் தொடங்குங்கள். கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, நிச்சயம் ஆகிவிடும் என்று அடையாளம் தெரிந்தால் ஒரே ஒரு முறை, முன்னதை விடக் குறைந்த காலம், வீட்டுப் பணம் இல்லாமல் என்று கேட்கலாம். பெற்றோருக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. சொன்ன தேதிக்குள் "இன்னும் என்ன ஆச்சு?" என்று வாரா வாரம் கேட்காதீர்கள், விசேஷ வீடுகளில் பிள்ளையை நிற்கவைத்துப் பேசாதீர்கள். தேதி முடிந்து அது வெறுங்கையோடு வந்து நின்றால், நான் அப்பவே சொன்னேன் என்ற வார்த்தையை மட்டும் எடுக்காமல், முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். கணக்கை மறுநாள் பேசிக்கொள்ளலாம்.